லிங்கன் விமானத்தளத்தில் ஆறு ஓட்டம்

பயணக்கட்டுரை என்றால் நம்மவர்கள் பெரும்பாலும் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றியோ, ஈபிள் கோபுரத்தைப் பற்றியோ, இந்தியாவில் தரிசித்த கோயில்களைப் பற்றியோதான் எழுதுவார்கள். நான் எழுதப்போவது ஒரு சீமெந்துத் தரையைப் பற்றி. அமெரிக்காவின் நடுப்பகுதியில், நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகரான லிங்கனில் இருக்கும் பழைய விமானத்தளம் அது. அங்கே மரமில்லை, நிழலில்லை. சுற்றுலாப் பயணிகள் யாரும் தேடிப்போகிற இடமும் இல்லை. ஆனாலும் 2023ம் ஆண்டு செப்டெம்பர் முற்பகுதியில் அங்கே நான் கண்டவற்றை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குச் சொல்லாமலிருக்க மனம் கேட்கவில்லை.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர்கள் இருவர். ஒருவர் எங்கள் பக்ரறியில் அச்சுகள் செய்யும் பகுதியில் வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெரியவர். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. மற்றவர் என் மனைவியின் தம்பி. ஸ்காபரோவில் ஒரு கார் திருத்தும் கராஜில் மெக்கானிக்காக இருக்கிறான். இருவரையும் சேர்த்துவைத்தது ஒரு சின்னக் கார். 1994ம் ஆண்டு மஸ்டா மியாற்றா. இரண்டே இரண்டு இருக்கை, சீலைக் கூரை, ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டிய பாரம். 1989ல் சிக்காகோ கார்க் கண்காட்சியில் இந்த வகைக் காரை முதலில் காட்டினார்களாம். வேகத்தில் பெரிய கெட்டிக்காரக் கார் அல்ல. ஆனால் திருப்பிய பக்கம் உடனே திரும்பும்.

இந்தக் கார் ஓடும் போட்டிக்கு ஓட்டோகுறொஸ் என்று பெயர். எங்கள் ஒன்ராறியோவில் ஓட்டோஸ்லாலோம் என்றும் சொல்வார்கள். பெரிய கார்த்தரிப்பிடத்திலோ விமானத்தளத்திலோ செம்மஞ்சள் நிறக் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து போகும் ஒரு பாதை அமைப்பார்கள். ஒரு காருக்குப் பின் ஒரு காராகத்தான் விடுவார்கள். எதிராளி என்று பக்கத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். கடிகாரம்தான் எதிராளி. ஒரு கூம்பைத் தட்டினால் இரண்டு செக்கன் தண்டம். பாதையைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. அநேகமான கார்களின் வேகம் நாங்கள் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகும் வேகத்தைத் தாண்டாது. தலைக்கவசம் கட்டாயம். தவறினால் முட்டுவது கூம்பில்தான், வேறொருவரின் பிள்ளையில் அல்ல.

இதை நான் விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் என் மாமி. மகன் கார் ரேஸ் ஓடுகிறான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவவுக்கு நித்திரை இல்லை. நம்மவர் பிள்ளைகள் சிலர் இரவில் வீதியில் ஓட்டப்போட்டி வைத்து உயிரை விட்ட கதைகள் எல்லாத் தாய்மாரின் வயிற்றிலும் நெருப்பாகத்தானே இருக்கின்றன.

“தம்பி, நீங்களும் கூடப் போங்கோ. இவனைக் கண்ணால பாத்துக்கொண்டு வாங்கோ” என்றா மாமி.

என் மனைவியோ வேறு கணக்குப் பார்த்தா. “நாலு ரயருக்கு ஆயிரம் டொலராம். விசரே உங்களுக்கெல்லாம்?”

ரயர் வாங்கியது அவவின் தம்பியின் காசு என்றபடியால் அந்தச் சண்டை நீளவில்லை.

அந்தக் கோடை முழுவதும் வேலை முடிந்து வந்து கார் ஆயத்தம் செய்தோம். இந்தப் போட்டியில் கார்களைப் பல பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் கார் ஓடுவது ‘ஸ்ற்றீற்’ என்ற பிரிவில். வீதி வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கிழமை நாளில் வேலைக்கும் கடைக்கும் ஓடுகிற கார் ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு வரவேண்டும் என்பது அதன் எண்ணம். எஞ்சினுக்குள் கைவைக்கக்கூடாது. ஸ்பிறிங்கை மாற்றக்கூடாது. இருக்கைகளைக் கழற்றி எறிந்து பாரம் குறைக்கக்கூடாது. ரயர் வீதியில் ஓட அனுமதி பெற்றதாகவும், அதன் பக்கத்தில் பொறித்திருக்கும் தேய்மான இலக்கம் 200க்குக் குறையாததாகவும் இருக்கவேண்டும். இந்த இலக்கம் குறைந்தால் ரயர் மென்மை, நன்றாகத் தரையைப் பிடிக்கும், விரைவில் தேயும். அந்த மட்டத்தில் கோடு கிழித்துவிட்டார்கள்.

மாற்றக்கூடியவையும் சில உண்டு. ஷொக் அப்சோர்பரை மாற்றலாம். பிறேக் பாட் மாற்றலாம். காற்று வடிகட்டி மாற்றலாம். திருப்பத்தில் கார் ஒருபக்கம் சரியாமல் இரண்டு பக்கச் சில்லுகளையும் பிணைத்து நிற்கும் இரும்புத் தடியில் முன்னதையோ பின்னதையோ ஏதாவது ஒன்றைத் தடிப்பானதாக மாற்றலாம். சில்லின் விட்டம் ஒரு அங்குலம் கூடலாம், குறையலாம். அகலம் மாறக்கூடாது. எங்கள் காருக்கு 14 அங்குலச் சில்லைக் கழற்றி 15 அங்குலம் போட்டோம். மேலதிகச் சில்லையும் ஜக்கையும் எடுத்து வெளியே வைக்கலாம். அதில் மட்டும் பத்துக் கிலோவுக்கு மேல் பாரம் குறைந்தது.

இவ்வளவையும் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். பெரியவரிடம் நான் கண்ட கெட்டித்தனம் காசில்லாத வேலையில்தான். காரின் இரண்டு பக்கமும் மேசன்மார் கட்டுவதுபோல நூல் கட்டினார். நூலிலிருந்து சில்லின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை மில்லிமீற்றரில் அளந்து, நான்கு சில்லும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று எழுதினார். பிறகு சாய்வு. திருப்பத்தில் கார் வெளிப்பக்கம் சரியும்போது ரயரின் வெளிவிளிம்பு மட்டும் தரையில் அழுந்தித் தேயும். அதற்காகச் சில்லின் மேற்பக்கத்தை உள்ளே சாய்த்து வைப்பார்கள், பாரம் தூக்குகிறவன் காலை அகட்டி நிற்பதுபோல. வீதி வகுப்பில் கொம்பனி விட்டுவைத்த அளவுக்குள்தான் சாய்க்கலாம். மியாற்றாவின் கீழ்க்கைகளில் அதற்கென்று திருப்பும் போல்ற்றுகள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்தப் போல்ற்றுகளோடு போனது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்குப் பெரியவர் நிமிர்ந்து, “இப்போது பிழை எல்லாப் பக்கமும் ஒரே அளவு” என்று சிரித்தார். பக்ரறியிலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

ஓகஸ்ட் கடைசியில் அவருடைய வானுக்குப் பின்னால் வண்டி பூட்டி, அதன்மேல் காரை ஏற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். ரொறன்ரோவிலிருந்து லிங்கன் ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். மனைவி கட்டித்தந்த புளிச்சாதம் சிக்காகோ வரை வந்தது. வின்சர் எல்லையில் வழக்கம்போல என் உள்ளங்கை வியர்த்தது. 2010ல் கனடா வந்தவன் நான். இப்போது கையில் கனடியக் கடவுச்சீட்டு இருக்கிறது. ஆனாலும் சீருடையைக் கண்டால் கை தானாகவே ஆவணத்தைத் தேடும். இது என்னோடு வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த வியாதி. அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த காரைப் பார்த்தார். “எந்த வருடத்து மியாற்றா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

சிக்காகோ தாண்டி 80ம் இலக்க நெடுஞ்சாலை. டவென்போர்ட் பக்கத்தில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்தோம். சற்று அப்பால் வோல்கொட் என்ற ஊரில் உலகத்திலேயே பெரியது என்று பெயர் எழுதி வைத்திருக்கும் லொறித் தரிப்பிடத்தில் சாப்பிட்டோம். அயோவா முழுவதும் சோளமும் சோயாவும் காற்றாடிகளும்தான். மூன்று மணித்தியாலம் ஓடியும் தோட்டம் முடியவில்லை. ஒரு பரப்பு, இரண்டு பரப்பு என்று காணியை அளந்த நம்மவர் கண்ணுக்கு அது நம்பமுடியாத காட்சி. ஒமாஹாவில் மிசூரி ஆறு. அதற்கப்பால் நெப்ராஸ்கா.

லிங்கன் நகரத்துக்குள் நுழையும் முன்பே அதன் சட்டசபைக் கட்டிடம் தெரிகிறது. 400 அடி உயரக் கோபுரம். 1932ல் கட்டிமுடித்தது. கோபுரத்தின் உச்சியில் மன்னரும் இல்லை, போர்வீரரும் இல்லை. வெறுங்காலோடு விதை விதைக்கிற ஒரு கமக்காரனின் வெண்கலச் சிலை நிற்கிறது. எத்தனையோ நாடுகளின் சிலைகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு கமக்காரனை இவ்வளவு உயரத்தில் ஏற்றிவைத்ததை அங்கேதான் கண்டேன்.

அந்த ஊர் அகதிகளுக்கும் ஊர். வியட்னாம் யுத்தம் முடிந்தபின் வந்த வியட்னாமியர் அங்கே வேரூன்றியிருக்கிறார்கள். 2014ல் ஈராக்கின் சிஞ்சார் மலைப்பகுதியில் கொன்றும் பிடித்தும் விரட்டப்பட்ட யசீதி மக்களில் பலர் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே யசீதிகள் அதிகமாக வாழும் நகரம் லிங்கன்தான். பெற்றோல் நிலையத்தில் காசு வாங்கிய பெடியன் ஒரு யசீதி. நான் எங்கிருந்து என்று கேட்டான். “இலங்கை, தமிழ்” என்றேன். தலையை ஆட்டினான். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

இனி அந்தச் சீமெந்துத் தரைக்கு வருகிறேன். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், 1942ல், அங்கே இராணுவ விமானத்தளம் அமைத்தார்கள். பிறகு 1950களில் அது குண்டுவீச்சு விமானங்களின் தளமானது. ரஷ்யாவுக்கு எதிராக பி-47 விமானங்கள் அணுகுண்டோடு ஆயத்தமாக நின்ற இடம் அது. நகரைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களில் நிலத்துக்குக் கீழே அட்லஸ் ஏவுகணைகளும் இருந்தன. 1966ல் தளத்தை மூடினார்கள். ஓடுபாதைகள் பொது விமான நிலையமாகின. முகாம் நிலங்களில் பக்ரறிகளும் வீடுகளும் வந்தன. 1974ல் கவாசாகி கொம்பனி லிங்கனில் ஒரு பக்ரறி தொடங்கி, மோட்டார் சைக்கிளில் ஆரம்பித்து இப்போது சுரங்க ரயில் பெட்டிகள் வரை செய்கிறது. ஆட்சேர்ப்பு அறிவித்தலைப் பார்த்துச் சம்பளத்தை மனதுக்குள் கனடியன் டொலருக்கு மாற்றிப்பார்த்தேன். பக்ரறிக்காரனின் சுற்றுலா அப்படித்தான்.

இராணுவம் முற்றாகப் போய்விட்டது என்றும் சொல்லமுடியாது. மாநில விமானப் படைப்பிரிவின் எரிபொருள் விமானங்கள் இன்னும் அங்கிருந்து எழும்புகின்றன. ஆனால் குண்டுவீச்சு விமானங்கள் வரிசையில் நின்ற பெரும் சீமெந்துத் தரை வெறுமையாகக் கிடந்தது. அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகம் 1973 முதல் நடத்திவரும் தேசியப் போட்டியை 2009ல் அங்கே கொண்டுவந்தது. ஒவ்வொரு செப்டெம்பரும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து ஓடுகிறார்கள். 2020ல் மட்டும் கொரோனாவால் நடக்கவில்லை.

வாசலில் ஒரு கையெழுத்து வாங்கி, கையில் ஒரு காகிதப் பட்டி கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் சோதனை. உள்ளே போனால் ஒரு திருவிழா. கொட்டில்களும் வான்களும் வரிசை வரிசையாக நின்றன. பிள்ளைகள் சைக்கிளில் திரிந்தார்கள். ஒரு மூலையில் யாரோ இறைச்சி சுட்டார்கள். அதே நாட்களில் நல்லூரில் கொடியேறி இருந்தது. நான் மரக்கறிக்காரன் என்பதால் அந்த மூலைப்பக்கம் போகவில்லை.

முதலில் காரைப் பரிசோதித்தார்கள். சில்லு நட்டுகள் இறுக்கமா, பற்றரி அசையாமல் இருக்கிறதா, பிறேக் சரியா, இருக்கைப்பட்டி சரியா, உள்ளே கழன்று ஓடும் பொருட்கள் ஏதும் உண்டா என்று பார்த்தார்கள். டாஷ்போர்ட்டில் மாமி வைத்துவிட்ட சின்னப் பிள்ளையாரைப் பரிசோதகர் சுட்டிக்காட்டினார். ஒட்டாத பொருள் எதுவும் இருக்கக்கூடாதாம்.

“அத்தான், அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்று மைத்துனன் பிள்ளையாரை என் கையில் தந்தான். அவரை வானின் முன்கண்ணாடிக்குப் பின்னால், பாதையைப் பார்த்தபடி இருத்தினேன். முழுப் போட்டியையும் அவர் அங்கிருந்தே பார்த்தார்.

போட்டி இரண்டு நாள். கிழக்கே ஒரு பாதை, மேற்கே ஒரு பாதை. ஒரு நாளைக்கு மூன்று ஓட்டம். ஒவ்வொரு பாதையிலும் மிக நல்ல நேரத்தை எடுத்து இரண்டையும் கூட்டுவார்கள். ஓட்டம் ஒன்று ஒரு நிமிடம் அளவில் முடிந்துவிடும். ஆக, 1,700 கிலோமீற்றர் வந்து ஓடுவது ஆறு நிமிடம். மனைவியிடம் இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை.

ஓடுமுன் பாதையைக் கால்நடையாக நடந்து பார்க்கலாம். காரால் முன்கூட்டி ஓடிப்பார்க்க விடமாட்டார்கள். மைத்துனன் ஐந்து முறை நடந்தான். பெரியவர் ஒவ்வொரு கூம்பிலும் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். எந்தத் திருப்பத்துக்கு எந்தத் திருப்பம் ஆயத்தம் என்று பார்க்கவேண்டும் என்பது அவர் பாடம். ஒரு திருப்பத்தில் பேராசைப்பட்டு வேகமாகப் போனால் அடுத்த மூன்று திருப்பமும் கெட்டுவிடும்.

ஒரே காரை இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். ஒருவர் இறங்க மற்றவர் ஏறுவார். கதவில் காந்தத்தில் ஒட்டிய இலக்கத்தை மாற்றுவது என் வேலை. இன்னொரு வேலை ரயர். றப்பர் மிதமான சூட்டில் நன்றாகப் பிடிக்கும், கொதித்தால் வழுக்கும். இருவர் ஓட்டும் கார் ஆற நேரமில்லை. நெப்ராஸ்காவின் செப்டெம்பர் வெயிலோ நம்மூர் சித்திரைதான். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் ரயருக்குத் தண்ணீர் தெளிக்கவேண்டும். பெரியவர் அதற்கென்று ஒரு பம்பை என்னிடம் தந்தார். தோளில் போட்டுக் கையால் அடித்துப் பார்த்தேன். அப்பா வெங்காயத்துக்கு மருந்தடித்த அதே வகைப் பம்பு. அடிக்கும் விதம் கைக்கு மறக்கவில்லை. பக்கத்துக் கொட்டில்காரர் வந்து, “நன்றாகச் செய்கிறாய், எத்தனை வருட அனுபவம்?” என்று கேட்டார். “பத்து வயது முதல்” என்றேன். அவர் காரைப் பற்றித்தான் கேட்டார், நான் வெங்காயத்தைப் பற்றிச் சொன்னேன்.

ரயரின் ஓரத்தில் சோக்கட்டியால் கோடு போட்டுவிடுவோம். ஓடிவந்தபின் கோடு எவ்வளவு அழிந்திருக்கிறது என்று பார்த்துக் காற்றைக் கூட்டுவோம், குறைப்போம். முதல்நாள் மைத்துனன் மூன்றாவது ஓட்டத்தில்தான் நல்ல நேரம் எடுத்தான். ஆனால் கடைசிக் கூம்பு ஒன்று சாய்ந்தது. இரண்டு செக்கன் கூடியது. அந்தப் போட்டியில் முதலாமவனுக்கும் பத்தாமவனுக்கும் இடையில் இரண்டு செக்கன் இருப்பதே பெரிய விஷயம். மறுநாள் சுத்தமாக ஓடினான். முடிவில் பட்டியலின் நடுவுக்குச் சற்றுக் கீழே வந்தான். பெரியவர் அவனுக்கு ஐந்து இடம் மேலே.

எனக்குப் பிடித்தது வேறொன்று. ஓடுகிறவர் எல்லோரும் வேறொரு வகுப்பு ஓடும்போது வெயிலில் நின்று, சாய்ந்த கூம்புகளைத் தூக்கி வைக்கவேண்டும். யாருக்கும் விலக்கில்லை. இலட்சம் டொலர்க் கார் வைத்திருப்பவரும் முப்பது வருடப் பழைய மியாற்றாக்காரனும் அருகருகே நின்று கூம்பு தூக்கினார்கள். ஊரில் சிரமதானம் என்று ஒன்று இருந்ததே, அதுபோல.

கடைசி நாள் மாலை, கார் ஏற்றியபின், சீமெந்துத் தரையின் ஓரமாகத் தனியே நடந்தேன். எங்கள் கிராமம் பலாலி விமானத்தளத்தை அண்டியது. அதுவும் இரண்டாம் உலக யுத்தத்தில் அமைத்த தளம்தான். 1990ல் ஊர் முழுவதும் எழும்பியபோது எனக்கு இரண்டு வயது. எனக்கு ஞாபகம் என்று ஒன்றும் இல்லை. கிணறு, இரண்டு பலா, எட்டுப் பரப்புச் செம்மண் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா வெங்காயம் செய்ததெல்லாம் பிறத்தியார் காணியில், குத்தகைக்கு. பலாலியிலிருந்து 2019ல் சென்னைக்கு விமானம் விட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் பல காணிகளையும் விட்டிருக்கிறார்கள். எங்களுடையது இன்னும் வேலிக்கு அந்தப்பக்கம்.

அங்கிருந்தே அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் விடியற்காலை. அவ எப்போதும் நேரத்தோடு எழும்பிவிடுவா. நிற்கும் இடத்தைச் சொன்னேன்.

“விமானத்தளத்துக்குள்ளையோ? உள்ளுக்கு விட்டவங்களோ?”

“ஓம் அம்மா. ஒரு கையெழுத்துத்தான். பெடியள் கார் ஓடி விளையாடினம்.”

“எத்தனை வருசம் கழிச்சு விட்டவங்கள்?”

“தளம் மூடினது 66ல. கார் ஓட விட்டது 2009ல.”

அம்மா கணக்குப் பார்க்கிறா என்று தெரிந்தது. அவவுக்கு எழுபத்தொரு வயது.

“அப்ப, அந்த மண்ணில முதல் இருந்த சனம் எங்க மோனை?”

போட்டிக்கு வந்த ஆயிரம் பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. நெப்ராஸ்கா என்ற பெயரே அந்தச் சனத்தின் சொல். ஒட்டோ என்னும் பூர்வீக மக்களின் மொழியில் ‘தட்டையான நீர்’ என்று அர்த்தம். அங்கே ஓடும் பிளாற் ஆற்றை அவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தமாக நிலம் கைமாறி, 1881ல் கடைசிக் குடும்பங்களும் தெற்கே ஒக்லஹோமாவுக்குப் போனார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பெயர் மட்டும் இங்கே, ஒவ்வொரு காரின் இலக்கத் தகட்டிலும் எழுதியிருக்கிறது.

இதை அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்சநேரம் அவ பேசவில்லை.

“பேரெண்டாலும் விட்டாங்களே” என்றா. பிறகு, “சாப்பிட்டியோ?” என்று கேட்டா.